கிருமி நீங்கிய பின்னும் தொடரும் நோய்: செங்கல்பட்டின் தொழுநோய் வரலாறும் கொரோனாத் தொற்றின் நரம்பியல் பின்விளைவுகளும்

ஆய்வுச்சுருக்கம்

தொற்றுநோய் ஒன்று எப்போது முடிகிறது என்ற வினாவிற்கு மருத்துவப் பதிவேடு தரும் விடையும் நோயுற்றவரின் உடல் தரும் விடையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தொழுநோய் மருத்துவமனையின் வரலாறு, கிருமி அழிந்த பின்னரும் நரம்புச் சேதம் நிலைத்து நிற்கும் என்பதைத் தெளிவாக்கியது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் இதே நிலப்பகுதியைத் தாக்கிய கொரோனாத் தொற்றும் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் இயல்புடையதாக இருந்தது. ஆயினும் ‘குணமடைந்தோர்’ என்ற பட்டியலோடு அதன் கணக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. இவ்விரு தொற்றுகளையும் ஒப்பிட்டு, நரம்பைத் தாக்கும் நோய்களின் வரலாற்றை நோயாளியின் பிற்கால வாழ்வையும் உள்ளடக்கியே எழுத வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செங்கல்பட்டு, திருமணி, தொழுநோய், கொரோனா, நரம்பியல் பின்விளைவுகள், மருத்துவ வரலாறு, மாமல்லபுரம்.

முன்னுரை

தமிழில் நோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இறப்பு எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். காலரா, பிளேக், 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா ஆகிய மூன்றும் அவ்வாறே பதிவாகியுள்ளன. இறந்தோரை எண்ணுதல் இன்றியமையாதது. எனினும், பிழைத்தவர் எந்நிலையில் பிழைத்தார் என்ற கேள்வியை இம்முறை எழுப்புவதில்லை. உடலின் பிற உறுப்புகளைத் தாக்கும் நோய்களைவிட நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நோய்களில் இக்குறை பெரிதாகிறது. ஏனெனில், சிதைந்த நரம்பு மெதுவாகவே மீள்கிறது. பல வேளைகளில் மீள்வதேயில்லை.

இக்கேள்வியை ஆராய்வதற்குச் செங்கல்பட்டு மிகப் பொருத்தமான களமாகும். தொழுநோயை நரம்பு நோயாகப் புரிந்துகொள்வதில் உலக அளவில் திருப்பத்தை ஏற்படுத்திய இடங்களுள் ஒன்று அது. கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழகத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றும் அதுவே. ஒரே நிலப்பகுதியில் ஏறத்தாழ நூறாண்டு இடைவெளிக்குள் நிகழ்ந்த இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, முன்னதில் கற்ற பாடம் பின்னதில் எந்த அளவிற்குப் பயன்பட்டது என்ற வினா எழுகிறது. அவ்வினாவே இக்கட்டுரையின் மையம்.

திருமணி மருத்துவமனையின் தோற்றம்

பிரித்தானிய ஆட்சியில் தொழுநோயாளர் குறித்த அரசின் அணுகுமுறையை 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் வெளிப்படுத்துகிறது. ஆதரவற்று அலையும் நோயாளிகளைப் பிடித்துக் காப்பகங்களில் அடைப்பதற்கு அச்சட்டம் வழிசெய்தது. மருத்துவத்தைவிடப் பிரித்துவைத்தலே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. இப்பின்னணியில், 1924ஆம் ஆண்டு, செங்கல்பட்டு நகருக்கு அருகிலுள்ள திருமணியில் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்று நிறுவப்பட்டது. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் துணைவியார் பெயரால் அது ‘லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை’ என்று அறியப்பட்டது.

1930களின் நடுப்பகுதியில் இம்மருத்துவமனைக்கு இராபர்ட் காக்ரேன் வந்து சேர்ந்தபின் அதன் இயல்பு மாறத் தொடங்கியது. அடைத்துவைக்கும் இடமாக இருந்த குடியிருப்பு, நோயை உற்றுநோக்கும் ஆய்வுக்களமாக வளர்ந்தது. அக்காலத்தில் கிடைத்த மருந்து, நீரடிமுத்து வகை மரங்களின் வித்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெயாகும். அதனை ஊசிவழிச் செலுத்துவது நோயாளிக்குப் பெரும் வலியைத் தந்தது. பயன் உறுதியாக இல்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் மருத்துவமனையில் 1941ஆம் ஆண்டு சல்போன் வகை மருந்து முதன்முதலாகத் தொழுநோய்க்குப் பயன்படுத்தப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் இந்தியாவில் அம்மருந்துகளைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் காக்ரேன் குறிப்பிடத்தக்கவர். 1955ஆம் ஆண்டு இந்திய அரசு திருமணி மருத்துவமனையை ஏற்று, அதனை மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியமைத்தது. தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

விரல் ஏன் குறைகிறது?

தொழுநோயில் விரல்கள் குறைவதைத் தமிழ் மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. நாலடியாரின் தீவினையச்சம் என்னும் அதிகாரம், கை விரல்கள் அழுகித் தொழுநோய் உறுதலை, முன்பு நண்டின் காலை முரித்துத் தின்ற பழவினையோடு இணைக்கிறது. இங்கே இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. விரல் அழுகி விழுகிறது என்பது ஒன்று. அது செய்த வினையின் பயன் என்பது மற்றொன்று. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தபோது இரண்டாவது கருத்து அறிவியல் தளத்தில் வலுவிழந்தது. ஆனால், முதற்கருத்து மருத்துவர்களிடையேயும் நீடித்தது. கிருமி தசையைத் தின்று விரலை அழுகச் செய்கிறது என்றே அவர்கள் நம்பினர்.

இந்நம்பிக்கை கேள்விக்குள்ளான இடம் செங்கல்பட்டு. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவரும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவருமான பால் பிராண்ட், 1947ஆம் ஆண்டு காக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணிக்கு வந்தார். எலும்பு, தசை ஆகியவற்றின் குறைகளைச் சீர்செய்யும் மருத்துவர்கள் தொழுநோயாளரின் கைகளை ஏன் ஆராயவில்லை என்ற வினா அவர்முன் நின்றது. விரல்கள் கொக்கிபோல் மடங்கிய நோயாளி ஒருவர் பிராண்டின் கையைப் பற்றியபோது, அப்பிடி எதிர்பாராத வலிமையுடன் இருந்தது. விரல்களை விரிக்க இயலாத கை, வலுவாக மூடுகிறது. எனவே கை முழுவதும் அழியவில்லை. சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன. அவற்றை இயக்கும் நரம்பே கெட்டிருக்க வேண்டும் என்று பிராண்ட் உய்த்துணர்ந்தார்.

பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் தொடர்ந்து மேற்கொண்ட ஆய்வுகள் இதனை உறுதிசெய்தன. முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய பகுதிகளில் தோலுக்கு அருகே செல்லும் நரம்புகள் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளில் பெருகும் இயல்புடையது. அது நரம்பிழைகளைச் சூழ்ந்து காக்கும் ஷ்வான் உயிரணுக்களில் தங்குகிறது. நரம்பு வீங்கி நசுங்கும்போது, அது இயக்கும் தசை தளர்கிறது; அது உணர்த்தும் தோல் மரத்துப்போகிறது.

மரத்த விரல் தானாக அழுகுவதில்லை. சூடான பாத்திரத்தைப் பற்றினாலும், கருவியின் கூர்முனை தைத்தாலும் வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் பெருகி, புண்ணாகி, எலும்புவரை செல்கிறது. வேலூரில் நோயாளிகள் சிலருக்கு இரவில் விரல்கள் குறைந்துபோவதற்கு எலிகளே காரணம் என்பது கண்டறியப்பட்டு, அவர்களுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. கடித்தாலும் விழிப்பு வராத அளவிற்கு உணர்வு இழந்த கை என்பதே இந்நிகழ்வின் பொருள். வலி என்பது உடலின் காவல் என்ற கருத்தைப் பிராண்ட் பிற்காலத்தில் விரிவாக எழுதினார். செயல்படும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி மடங்கிய விரலை மீண்டும் இயங்கவைக்கும் அறுவை முறையும் இவ்வாய்வுகளின் விளைவாகும்.

இதன் வரலாற்று முக்கியத்துவம் மருத்துவ நுட்பத்தோடு முடிவதில்லை. தோல் நோய் என்று கருதப்பட்ட தொழுநோய், நரம்பு நோயாக மறுவரையறை செய்யப்பட்டது. அதன்வழி, ‘அழுகல்’ என்ற சொல்லால் ஒதுக்கப்பட்ட மனிதர், உணர்வை இழந்ததால் காயமுற்றவராகப் பார்க்கப்படும் நிலை உருவாயிற்று.

மருந்திற்குப் பின் எஞ்சியது

டாப்சோன் மருந்து பரவலானபோது தொழுநோய் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை தோன்றியது. ஒற்றை மருந்திற்குக் கிருமி எதிர்ப்பாற்றல் பெறத் தொடங்கியதால், டாப்சோன், ரிஃபாம்பிசின், குளோபாசிமின் ஆகியவை அடங்கிய கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1981ஆம் ஆண்டு பரிந்துரைத்தது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டு ‘கட்டுப்பாட்டுத் திட்டம்’ என்ற பெயர் ‘ஒழிப்புத் திட்டம்’ என மாறியது. இச்சிகிச்சை கிருமியை அழிப்பதில் பெரு வெற்றி கண்டது.

ஆனால், கிருமியை அழிக்கும் மருந்து நரம்பை மீட்டுத் தருவதில்லை. சிகிச்சை நடைபெறும் காலத்திலும், அது முடிந்த பின்னரும் ‘எதிர்வினை’ எனப்படும் அழற்சி தோன்றக்கூடும். இறந்த கிருமியின் எச்சங்களுக்கு எதிராக உடலின் நோயெதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுகிறது. அக்கிளர்ச்சி, கிருமி குடியிருந்த நரம்பையே தாக்குகிறது. உடனே பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து தரப்படாவிடின் சில நாட்களிலேயே கை மடங்கவோ, பாதம் தொங்கவோ, கண்ணிமை மூடாமற்போகவோ நேரிடலாம். உயிருள்ள கிருமி இல்லாத நிலையிலும் ஊனம் உண்டாகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

இவ்வுண்மையை நிர்வாகக் கணக்கு எவ்வாறு எதிர்கொண்டது என்பது தனியே ஆராயத்தக்கது. 10,000 பேருக்கு 1 நோயாளிக்கும் குறைவாக இருத்தல் என்பதே ‘பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கம்’ என்பதன் வரையறை. 1991ஆம் ஆண்டு உலக சுகாதார மன்றம் இவ்விலக்கை ஏற்றது. 2005ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியா அதனை எட்டியது. இக்கணக்கில் நோயாளி என்பவர் மருந்து உட்கொண்டிருப்பவர் மட்டுமே. குறிப்பிட்ட மாதங்கள் மருந்து முடிந்தவுடன் அவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். சிகிச்சைக் காலம் குறைக்கப்பட்டபோதெல்லாம் நோயாளர் எண்ணிக்கையும் குறைந்தது. மரத்த பாதத்தோடும் மடங்கிய விரலோடும் வீடு திரும்பியவர் கணக்கின்படி நோயாளி அல்லர்.

ஊனத்தைப் பதிவுசெய்யும் முறையிலும் இதனையொத்த இடைவெளி ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் தரநிலையில், கண்ணுக்குத் தெரியும் ஊனம் இரண்டாம் நிலை. உணர்விழப்பு மட்டும் உள்ளது முதல் நிலை. திட்ட மதிப்பீடுகள் பெரிதும் இரண்டாம் நிலையையே சார்ந்துள்ளன. இன்று முதல் நிலையில் இருப்பவர் கவனிப்பின்றி விடப்பட்டால் நாளை இரண்டாம் நிலைக்குச் செல்வார் என்பது தெரிந்திருந்தும், கண்ணுக்குப் புலப்படாத ஊனம் பின்தள்ளப்பட்டது. இந்த இடைவெளிதான் கொரோனாக் காலத்தில் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றியது.

புதிய மாவட்டமும் புதிய தொற்றும்

காஞ்சிபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதற்கு முந்தைய மாதம், அக்டோபர் 11, 12 ஆகிய நாட்களில், இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தனர். இவ்வரிசையில் முதற் சந்திப்பு 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் ஊகான் நகரில் நடந்தது. புதிய மாவட்டம் நான்கு மாதங்களைக் கூட நிறைவு செய்யாத நிலையில், 2020 மார்ச் 7 அன்று தமிழகத்தின் முதல் கொரோனாத் தொற்று உறுதிசெய்யப்பட்டது. அந்நோயாளி காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர், ஓமனிலிருந்து திரும்பியவர். மார்ச் 17 முதல் மாமல்லபுரம் உள்ளிட்ட தொல்லியல் துறையின் சின்னங்கள் மூடப்பட்டன.

சென்னையின் தெற்கு விளிம்பிலுள்ள புறநகர்கள், தொழிற்கூடங்கள், கடற்கரைச் சாலையின் குடியிருப்புகள் ஆகியவை ஒரே மாவட்டத்தில் அமைந்ததால் தொற்று விரைந்து பரவியது. 1965ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பெரும் சுமையைத் தாங்கியது. 2021 மே 4 இரவு தொடங்கிச் சில மணி நேரத்தில் அங்கு 13 நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததே காரணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பற்றாக்குறை இல்லை என மாவட்ட நிர்வாகம் மறுத்தது. அதே மாதத்தில், திருமணியில் கட்டப்பட்டுப் பயன்பாட்டிற்கு வராதிருந்த ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகத்தைத் தமிழக முதல்வர் பார்வையிட்டார். தொழுநோய் மருத்துவமனையால் பெயர்பெற்ற ஊர் இவ்வாறு மீண்டும் ஒரு தொற்றுநோயின் விவாதத்தில் இடம்பெற்றது.

தமிழக அரசின் அன்றாட அறிக்கை மூன்று எண்களை முதன்மையாகத் தந்தது: தொற்று உறுதியானோர், வீடு திரும்பியோர், இறந்தோர். 2020 மே 8 அன்று மத்திய அரசு வெளியிட்ட திருத்தப்பட்ட நெறிமுறையின்படி, லேசான அறிகுறி உடையவர், அறிகுறி தோன்றியதிலிருந்து 10 நாட்கள் கழிந்து காய்ச்சலின்றி இருந்தால் மறுபரிசோதனையின்றி வீட்டிற்கு அனுப்பப்படலாம். படுக்கைகள் போதாத சூழலில் இம்முடிவு தேவையானதாகவே இருந்தது. எனினும், நிர்வாக வசதிக்காக வகுத்த ‘வீடு திரும்பியோர்’ என்ற பிரிவு, செய்திகளிலும் மக்கள் வழக்கிலும் ‘குணமடைந்தோர்’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது.

கொரோனாவும் நரம்பு மண்டலமும்

நுரையீரல் நோயாக அறிமுகமான கொரோனா, நரம்பு மண்டலத்தையும் தாக்குகிறது என்பது தொடக்க மாதங்களிலேயே வெளிப்பட்டது. ஊகான் மருத்துவமனைகளின் 214 நோயாளிகளை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் வெளியான ஆய்வு, அவர்களுள் 78 பேரிடம், அதாவது 36.4 விழுக்காட்டினரிடம், நரம்பியல் அறிகுறிகள் இருந்ததைக் காட்டியது. தலைவலி, தலைச்சுற்றல், சுவை மற்றும் மணம் இழப்பு, தசைச் சேதம், நினைவு மங்கல், பக்கவாதம் ஆகியன அவற்றுள் அடங்கும். பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் தீவிர சிகிச்சை பெற்ற 58 பேரைப் பற்றிய ஆய்வில் 40 பேரிடம் மனக்கிளர்ச்சி காணப்பட்டது. வீடு திரும்பிய 45 பேரில் 15 பேருக்குக் கவனம் செலுத்துதல், செயலை ஒழுங்குபடுத்துதல் ஆகியவற்றில் குறைபாடு எஞ்சியிருந்தது. இத்தாலியில், கை கால்கள் படிப்படியாகத் தளரும் கில்லன் பாரே நோய்க்கு ஆளான ஐவர் குறித்த அறிக்கையும் அதே காலத்தில் வெளியாயிற்று.

இந்தியாவில் மணம், சுவை இழப்பு 2020 ஜூன் 13 அன்று கொரோனாவின் அறிகுறிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இவ்விழப்பிற்குக் காரணம் மண நரம்பணுக்கள் நேரடியாக அழிவதே என முதலில் கருதப்பட்டது. தீநுண்மி பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்னும் ஏற்பி, நரம்பணுக்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களிலேயே உள்ளது என்பதைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. தாங்கும் அணு கெட்டால் தாங்கப்படும் நரம்பும் செயலிழக்கிறது. தொழுநோய்க் கிருமி ஷ்வான் உயிரணுவில் தங்கி நரம்பிழையைக் கெடுப்பதை இது நினைவூட்டுகிறது. செயல்முறைகள் வேறாயினும், நரம்பின் கேடு அதன் துணை அணுக்களில் தொடங்கக்கூடும் என்ற நிலையில் இரண்டும் ஒத்துள்ளன.

மூளைப் பாதிப்பின் வழிகள் ஒன்றிற்கு மேற்பட்டவை. குருதிக் குழாயின் உட்சுவர் சேதமடைந்து உறைகட்டி உருவாவதால் பக்கவாதம் நேர்கிறது. ஆக்சிஜன் குறைவு மூளையணுக்களை நலிவுறச் செய்கிறது. நோயெதிர்ப்பாற்றலின் மிகைக் கிளர்ச்சி மூளையழற்சிக்கும் புற நரம்புகளின் தளர்ச்சிக்கும் வழிவகுக்கிறது. தீநுண்மி மூளைக்குள் பெருமளவில் பெருகுவதற்கான சான்று குறைவாகவே உள்ளது. எனவே, கேட்டின் பெரும்பகுதி தீநுண்மி தூண்டிவிட்ட உடலின் எதிர்வினையைச் சார்ந்தது என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது.

ஸ்டீராய்டு மருந்தின் இருமுகத் தன்மையும் இங்கு வெளிப்பட்டது. தீவிர நோயாளிகளின் உயிரைக் காக்க டெக்சாமெத்தசோன் உதவியது. கட்டுப்பாடற்ற நீரிழிவும் ஸ்டீராய்டின் மிகைப் பயன்பாடும் சேர்ந்த நிலையில் ‘கருப்புப் பூஞ்சை’ எனப்பட்ட மியூக்கோர்மைக்கோசிஸ் பரவியது. மூக்கின் வழியே புகுந்து கண்குழியையும் மூளையையும் எட்டும் இந்நோய், 2021 மே மாதத்தில் தமிழகத்தில் அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாயிற்று.

நீண்டகாலப் பின்விளைவுகளைப் பற்றிய சான்றுகள் பின்னர் வந்தன. 2,36,379 நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வு, தொற்றிற்குப் பிந்தைய ஆறு மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நரம்பியல் அல்லது மனநலக் குறைபாடு பதிவாகியிருந்ததைக் காட்டியது. அவர்களுள் ஒரு பகுதியினர்க்கு அக்குறைபாடு முன்பே இருந்தது என்பதையும் சேர்த்தே இதனைப் படிக்க வேண்டும். இங்கிலாந்தில் 785 பேரின் மூளைப் படங்களைத் தொற்றிற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, தொற்றுற்ற 401 பேரிடம், மணத்தோடு தொடர்புடைய பகுதிகளில் சாம்பல்நிறப் பொருள் சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்ததைப் பதிவுசெய்தது. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் ‘கொரோனாவிற்குப் பிந்தைய நிலை’ என்பதனை வரையறுத்தது. களைப்பு, மூச்சுத் திணறல், மூளை மந்தம் ஆகியன தொற்றிலிருந்து மூன்று மாதங்களுக்குள் வெளிப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணத்தால் விளக்க இயலாதிருத்தல் அதன் சாரம்.

கையும் மணமும் தொழிற்கருவிகளாக

இப்பின்விளைவுகள் எல்லோரிடமும் ஒரே விளைவை உண்டாக்குவதில்லை. மாமல்லபுரக் கடற்கரையின் தொழில்களை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 1957ஆம் ஆண்டு முதல் சிற்பக் கல்லூரி இயங்கிவரும் இவ்வூரில் உளியேந்தும் கைகள் பல தலைமுறைகளாக வாழ்வாதாரமாக உள்ளன. கல்லின் ஓசையையும் அதிர்வையும் விரல் நுனியால் அறிந்து அடியின் அளவைத் தீர்மானிப்பது சிற்பியின் திறன். கோவளம், நெம்மேலி, தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் எனத் தொடரும் மீனவ ஊர்களில் வலை பின்னுதலும் செப்பனிடுதலும் விரலுணர்வைச் சார்ந்தவை. மீனின் பதத்தை மணத்தால் அறிவது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவான அறிவு.

உணர்விழந்த விரல், எழுத்துப் பணியாளருக்கு இடையூறு. சிற்பிக்கும் வலை பின்னுபவருக்கும் அது தொழிலிழப்பு. மணமிழப்பு மருத்துவப் பட்டியலில் லேசான அறிகுறி. மீன் விற்பவருக்கு அது அன்றாட வருவாயோடு பிணைந்தது. கவனக் குறைபாடு, கடலில் படகோட்டுபவருக்கு உயிராபத்தாக மாறலாம். ‘லேசானது’, ‘தீவிரமானது’ என்ற பாகுபாடு உயிர்காப்பை அளவாகக் கொண்டது. வாழ்வாதாரத்தை அளவாகக் கொண்டால் வரிசை மாறிவிடும். தொழுநோய் வரலாற்றில் பிராண்டின் அறுவை முறை மறுவாழ்வுத் தொழிற்பயிற்சியோடு இணைந்தே வளர்ந்ததன் காரணமும் இதுவே. கை சீரானபின் அக்கை என்ன செய்யும் என்ற கேள்வியை அம்மருத்துவம் தவிர்க்கவில்லை.

ஒப்புமையும் வேற்றுமையும்

இரு நோய்களையும் ஒப்பிடும்போது வேற்றுமைகளை மறைத்தல் கூடாது. தொழுநோய்க் கிருமி பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை பெருகுவது. பல ஆண்டுகள் மறைந்திருப்பது. கொரோனாவோ சில நாட்களில் வெளிப்படும் தீநுண்மி. தொழுநோயில் புற நரம்புகள் சிதைகின்றன. கொரோனாவில் மூளை, மண உணர்வு, குருதிக் குழாய்கள் எனப் பாதிப்பு பரந்துள்ளது. தொழுநோயின் நரம்புச் சேதம் பெரும்பாலும் நிலையானது. கொரோனாவில் மணமிழப்பு உட்படப் பல குறைபாடுகள் பெரும்பாலோரிடம் காலப்போக்கில் நீங்குகின்றன.

சமூக ஒதுக்கலிலும் ஒற்றுமையும் வேற்றுமையும் உண்டு. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தடுத்தது. அச்சம் எவ்வளவு விரைவில் விலக்கலாக மாறும் என்பதற்கு அந்நிகழ்வு சான்று. ஆனால், கொரோனா மீதான விலக்கல் சில மாதங்களில் தணிந்தது. தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட 2016ஆம் ஆண்டுவரையும், தொழுநோயை மணமுறிவிற்கான காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் நீங்க 2019ஆம் ஆண்டுவரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. தொழுநோயாளர் தம் ஊனம் கண்ணுக்குத் தெரிந்ததால் விலக்கப்பட்டனர். கொரோனாவிற்குப் பின் நினைவு மங்கலோடும் களைப்போடும் வாழ்வோர், தம் குறை கண்ணுக்குத் தெரியாததால் நம்பப்படாமற்போகும் நிலைக்கு ஆளாகின்றனர்.

தொடர் கண்காணிப்பு இயலாத ஒன்றன்று. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, சுமார் 3.6 லட்சம் மக்களைப் பதிவுசெய்து 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்ற எதிர்பாராத முடிவு, இந்நீண்ட கண்காணிப்பால்தான் உறுதியாயிற்று. குழந்தைகளைக் காசநோய் மூளையுறை அழற்சியிலிருந்து காப்பதற்காக இன்றும் அத்தடுப்பூசி இடப்படுகிறது. கண்காணிப்பு இல்லாதபோது நேர்வதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. 1917ஆம் ஆண்டு வியன்னாவில் விவரிக்கப்பட்ட ‘உறக்க மூளையழற்சி’, 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சாவோடு தொடர்புடையதா என்பது நூறாண்டு கடந்தும் தீர்மானிக்கப்படவில்லை. பிழைத்தவர்களைத் தொடர்ந்து பதிவுசெய்யாத குறையைப் பிற்கால ஆய்வுக்கூடங்களால் முழுமையாக ஈடுசெய்ய இயலவில்லை.

முடிவுரை

செங்கல்பட்டின் தொழுநோய் வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். நரம்பைத் தாக்கும் தொற்றில் கிருமியின் அழிவும் நோயின் முடிவும் ஒன்றல்ல. கேட்டின் ஒரு பகுதி உடலின் எதிர்வினையால் விளைவதால், சிகிச்சை முடிந்த பின்னரும் கண்காணிப்புத் தேவைப்படுகிறது. பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கும் விதி, ஊனத்தை நீக்குவதில்லை. அதனைப் பார்வையிலிருந்து மட்டுமே நீக்குகிறது. இம்மூன்றும் 2020ஆம் ஆண்டிற்கு முன்பே இம்மண்ணில் அறியப்பட்டவை. கொரோனாக் காலத்தில் இறப்பைக் குறைக்கும் அவசரத்தில் அவ்வறிவு பின்னுக்குச் சென்றது.

2019ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 2 லட்சத்திற்கும் மேற்பட்ட தொழுநோயாளருள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் இருந்தனர். ‘நீக்கப்பட்டது’ என்று 14 ஆண்டுகளுக்கு முன் அறிவிக்கப்பட்ட நோயின் நிலை இது. ‘குணமடைந்தோர்’ என்ற கொரோனாப் பட்டியலையும் ஆய்வாளர் இதே எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். மருத்துவமனை ஆவணங்களோடு, பிழைத்தவர்களின் வாய்மொழி வரலாற்றையும் திரட்டுவது உடனடித் தேவை. நினைவுக் குறைபாடே நோயின் பின்விளைவாக உள்ள இடத்தில், காலம் தாழ்த்துவது சான்றையே இழப்பதாகும். திருமணியில் ஒரு கையின் பிடியைக் கூர்ந்து கவனித்ததால் ஒரு நோயின் பொருளே மாறியது. வீடு திரும்பியோரிடம் அத்தகைய கவனம் செலுத்தப்படும்போதே கொரோனாவின் வரலாறும் முழுமை பெறும்.